கயிறு இல்லாத சாலை

1

மலைச்சாலையில் சைக்கிள் பந்தயம் பார்க்க டிக்கெட் கிடையாது. கேலரி கிடையாது, இருக்கை எண் கிடையாது. டூர் டி பிரான்ஸ் போன்ற ஒரு பந்தயம் ஆல்ப்ஸ் மலையிலோ பைரனீஸ் மலையிலோ ஏறும் நாளில் சாலையோரம் நிற்பவர்களில் பலர் முந்தின நாளே வேனில் வந்து இடம் பிடித்தவர்கள். அங்கேயே சமைத்து, குடித்து, தூங்கி, தார்ச்சாலையில் பெயிண்டால் தன் ஆளின் பெயரைப் பெரிதாக எழுதிவைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். உச்சிக்கு அருகில் கடைசிக் கொஞ்ச தூரத்துக்குத்தான் தடுப்பு இருக்கும். மற்ற இடமெல்லாம் திறந்த சாலை. வீரர் வரும்போது கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிடும், அவர் கடந்ததும் மூடிக்கொள்ளும். வீரரின் தோளுக்கும் பார்ப்பவரின் கைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம்.

கிரிக்கெட்டில் வேலி உண்டு, கால்பந்தில் காவலர் வரிசை உண்டு. நம்மூர்த் தேரோட்டத்தில்கூடக் கயிறு கட்டி ஆட்களை ஒதுக்குவார்கள். இங்கே அந்த ஒரு முழம்தான் வேலி. நூற்றுச் சொச்சம் வருடமாக அந்த ஒரு முழத்துக்குள் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று பார்த்தால், ரசிகன் என்கிற பிராணியைப் பற்றிக் கொஞ்சம் புரிகிறது. நானும் அந்தப் பிராணிகளில் ஒருவன்தான் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஜூலை மாதம் வந்தால் ஆபீஸ் வேலையை ஒரு திரையிலும் மலையேற்றத்தை இன்னொரு திரையிலும் வைத்துக்கொள்கிற ஆள் நான். நம்மூர் நேரப்படி ராத்திரி எட்டரை, ஒன்பது மணிவாக்கில் உச்சியை எட்டுவார்கள். அப்போது யாராவது மீட்டிங் வைத்தால் எனக்குக் கோபம் வரும்.

2

டூர் தொடங்கியது 1903இல். பாரிஸில் 'லோட்டோ' என்ற விளையாட்டு நாளிதழ் விற்பனையைக் கூட்டுவதற்காக நடத்திய பந்தயம் அது. பத்திரிகை ஆசிரியர் ஆன்றி தெக்ரான்ஜ். ஒரே கட்டத்தில் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதனால் ராத்திரியிலும் ஓட்டினார்கள். ரசிகர்கள் லாந்தர் வெளிச்சத்தில் நின்று பார்த்தார்கள்.

இரண்டாவது வருடமே விபரீதம். 1904இல் சேன் எத்தியென் ஊருக்கு அருகில் உள்ள கோல் து லா ரெபுப்ளிக் கணவாயில், அந்த வட்டாரத்துக்காரரான ஆல்ஃபிரெட் ஃபோர் முன்னால் போனார். அவரை விட்டுவிட்டு, பின்னால் வந்தவர்களை வழிமறித்தது ஒரு கும்பல். இருட்டில் தடியடி. முந்தின வருடம் ஜெயித்த மோரிஸ் கராணுக்கு அடி. இத்தாலியர் ஜியோவானி ஜெர்பி தொடர்ந்து ஓட்ட முடியாத அளவுக்கு அடிபட்டார். அதிகாரிகள் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்ட பிறகுதான் கூட்டம் கலைந்தது. வீரர்களும் சளைத்தவர்கள் இல்லை. அந்த வருடம் பல ஏமாற்று வேலைகள் நடந்து, முதல் நான்கு இடம் பிடித்தவர்களையும் பல மாதம் கழித்துத் தகுதிநீக்கம் செய்தார்கள். ஐந்தாவதாக வந்த ஆன்றி கோர்னே என்ற பத்தொன்பது வயதுப் பையன் சாம்பியன் ஆனார். ஜனங்களின் அளவுகடந்த வெறியே இந்தப் பந்தயத்தைக் கொன்றுவிட்டது என்று தெக்ரான்ஜ் எழுதினார். ஆனால் அடுத்த வருடமும் அவரே நடத்தினார். வெறி இருந்தால்தானே பத்திரிகை விற்கும்!

3

மலை இந்தப் பந்தயத்துக்குள் முழுசாக வந்தது 1910இல். தெக்ரான்ஜின் உதவியாளர் அல்ஃபோன்ஸ் ஸ்டெய்னெஸ் பைரனீஸ் கணவாய்களில் பந்தயம் விடலாம் என்று பிடிவாதம் பிடித்தார். பாதையைச் சோதிக்க 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாய்க்குப் போனவர் பனியில் மாட்டிக்கொண்டு, இருட்டில் தட்டுத்தடுமாறிக் கீழே இறங்கி உயிர்பிழைத்தார். பிறகு, பாதை நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம் என்று பாரிசுக்குத் தந்தி கொடுத்தார். விளையாட்டு வரலாற்றின் மிக அழகான பொய்களில் இது ஒன்று. அந்த ஜூலையில் 326 கிலோமீட்டர் நீளக் கட்டம் ஒன்றில் வீரர்கள் அடுத்தடுத்துப் பல கணவாய்களை ஏறினார்கள். ஓபிஸ்க் கணவாயின் மேலே அமைப்பாளர்களைக் கண்டதும் ஒக்தாவ் லாப்பிஸ் அவர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டினார். அந்த வருட டூரை ஜெயித்தவரும் அவர்தான்.

சமதளத்தில் கூட்டம் ஏன் இப்படிப் பித்துப்பிடிப்பதில்லை? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், என் தொழில்புத்தி. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் தனியாக ஓட்டுகிற ஒருவர் காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் சுமார் 400 வாட் செலவழிக்க வேண்டும். அதனால்தான் எல்லாரும் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவர் ஒளிந்துகொண்டு கூட்டமாகப் போகிறார்கள். சாலையோரம் நிற்பவருக்கு ஒரு வண்ணக் கலவை சர்ரென்று கடந்துபோகும். அரை நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. எட்டு சதவீத ஏற்றத்தில் நிலைமை தலைகீழ். சைக்கிளோடு சேர்த்து 78 கிலோ எடையை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் மேலே தூக்க 340 வாட் வேண்டும். காற்றுக்குப் போவது நாற்பது வாட்டுக்கும் குறைவு. ஒளிந்துகொள்ள முதுகு கிடையாது. அவனவன் எடையை அவனவன்தான் சுமக்க வேண்டும். கூட்டம் உடைகிறது, ஒவ்வொருவராக, மெதுவாக வருகிறார்கள். முகம் தெரிகிறது. வாய் திறந்திருப்பது, எச்சில் ஒழுகுவது, கண் எங்கோ செருகியிருப்பது எல்லாம் தெரிகிறது.

ரசிகன் மலைக்கு வருவது இந்த முகத்தைப் பார்க்கத்தான். இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாம் பார்க்க வருவது வலியை.

4

அந்த ஒரு முழத்தைத் தாண்டிக் கை நீளும்போது அது இரண்டு காரியம் செய்யலாம். அடிக்கலாம், உதவலாம். பந்தய விதிக்கு இரண்டுமே குற்றம்.

1913இல் தூர்மலே இறக்கத்தில் யூஜின் கிறிஸ்தோஃபின் சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்தது. பந்தயத்தையே ஜெயிக்கும் நிலையில் இருந்தவர் அவர். அப்போது விதி என்னவென்றால், பழுதைத் தானே சரிசெய்ய வேண்டும், யாரும் தொடக்கூடாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நடந்து சேன் மரி து கம்பான் என்ற கிராமத்துக்கு வந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறை இருந்தது. அவரே இரும்பைக் காய்ச்சி, அடித்து, ஒட்டவைத்தார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு கை சுத்தியலுக்கு, ஒரு கை குறட்டுக்கு. உலைக்குத் துருத்தி ஊத மூன்றாவது கை வேண்டுமே! பட்டறையில் நின்ற ஒரு சிறுவன் துருத்தியை ஊதிக்கொடுத்தான். அந்தக் குற்றத்துக்காகக் கிறிஸ்தோஃபுக்குப் பத்து நிமிஷம் அபராதம் போட்டார்கள். பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே மணிக்கணக்கில் நேரம் போயிருந்தது, அதனால் இந்த அபராதத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் போட்டார்கள். அந்த ஊரில் இன்றைக்கும் அந்தச் சம்பவத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது.

எனக்கு டூர் வரலாற்றில் மிகப் பிடித்த ரசிகன் அந்தத் துருத்திப் பையன்தான். அவனுக்கு விதி தெரியாது. கண்ணெதிரில் ஒருவன் தனியாகக் கஷ்டப்படுகிறான், கை நீட்டினான். அவ்வளவுதான்.

அடித்த கைகளின் பட்டியல் இதைவிட நீளம். 1950இல் ஆஸ்பின் கணவாயில் இத்தாலியின் ஜீனோ பார்த்தலியும் பிரான்சின் ழான் ரோபிக்கும் கூட்ட நெரிசலில் மோதி விழுந்தார்கள். ஆத்திரமடைந்த பிரெஞ்சு ரசிகர்கள் பார்த்தலியைச் சூழ்ந்து தாக்கினார்கள். எழுந்து ஓட்டிய பார்த்தலி அன்றைய கட்டத்தை ஜெயித்தார். ஆனால் அன்று ராத்திரியே இரண்டு இத்தாலிய அணிகளும் பந்தயத்தைவிட்டு விலகின. பந்தயத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையை அன்றைக்கு வென்றிருந்த ஃபியொரென்சோ மாக்னியும் இத்தாலியர். ஜெயிக்கும் நிலையில் இருந்தவர், சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு ஊருக்குப் போனார்.

1975இல் புய் து தோம் எரிமலையின் ஏற்றத்தில், ஐந்து முறை டூரை ஜெயித்த எடி மெர்க்ஸின் அடிவயிற்றில் ஒருவர் குத்தினார். உச்சியை எட்டிய மெர்க்ஸ் திரும்பக் கீழே வந்து, கூட்டத்தில் அந்த ஆளை அடையாளம் காட்டினார். இரண்டு நாள் கழித்து ப்ரா லூ ஏற்றத்தில் மஞ்சள் சட்டையை பெர்னார் தெவனேயிடம் இழந்தார். அது மறுபடி அவருக்குக் கிடைக்கவே இல்லை. குத்துதான் காரணமா, வயசா, முந்தின வருடங்களின் களைப்பா என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

பெல்ஜியக்காரர் பிரெஞ்சுக்காரரின் சாதனையை முறியடிக்கப் பார்த்தார், அதனால் வெறுத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் அது முழுக் காரணம் இல்லை. அதே எரிமலையில் 1964இல் ழாக் ஆங்கெத்திலும் ரேமோன் புலிதோரும் தோளோடு தோள் உரச ஏறினார்கள். இருவருமே பிரெஞ்சுக்காரர்கள். கடைசியில் புலிதோர் 42 விநாடி பிடுங்கினார். ஆங்கெத்தில் 14 விநாடி வித்தியாசத்தில் மஞ்சள் சட்டையைத் தக்கவைத்து அந்த வருடமும் ஜெயித்தார். ஆனால் ஜனங்கள் நேசித்தது புலிதோரை. எட்டு முறை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தும் ஒரு நாள்கூட மஞ்சள் சட்டை அணியாத மனிதர் அவர். ஜெயித்துக்கொண்டே இருக்கிறவன் வலியை மறைக்கிறான். தோற்றுக்கொண்டே இருக்கிறவன் அதைக் காட்டுகிறான். சாலையோரக் கூட்டம் தன்னைக் கண்டுகொள்வது இரண்டாமவனிடம்.

5

1967 ஜூலை 13. மோன் வான்தூ மலை. உச்சிக்குப் பக்கத்தில் மரம் மட்டை எதுவும் கிடையாது, வெள்ளைச் சுண்ணாம்புக் கல்தான். கொளுத்தும் வெயில். பிரிட்டனின் டாம் சிம்ப்சன் சாலையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைந்து அலைந்து ஏறினார். விழுந்தார். தூக்கி மறுபடி சைக்கிளில் உட்காரவைத்தார்கள். இன்னும் சில நூறு மீட்டர் போனார். மறுபடி சரிந்தபோது கைப்பிடியிலிருந்து விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. அவருக்கு 29 வயது. உடம்பில் ஆம்ஃபெட்டமின் இருந்தது பிறகு தெரிந்தது.

அந்தப் பழைய காட்சித் துண்டை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சுற்றி நின்றவர்களில் கெட்டவர் யாரும் இல்லை. தூக்கிவிட்டவர்கள் அன்பினால்தான் தூக்கிவிட்டார்கள். மலையில் ரசிகன் கற்றுவைத்திருக்கிற ஒரே அன்பு அதுதான்: இன்னும் போ. அல்லே, அல்லே என்று பிரெஞ்சில் கத்துவதற்கும் அதுதான் அர்த்தம். நிறுத்து, போதும், உட்கார் என்று சொல்வதற்கு அங்கே சொல்லே கிடையாது.

6

ஒரு ஜூலை ராத்திரி நெய்யூர் வீட்டில் இருந்தபோது அப்பாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். டைனோசர் வேஷம் போட்ட ஒருவனும், பிசாசு வேஷம் போட்ட ஒருவனும் வீரர்களோடு கூடவே ஓடினார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கூடக் கெடந்து ஓடுகானுவளே, இவனுவளுக்குக் கூலி உண்டுமா மக்களே?"

"ஒண்ணும் கெடையாதுப்பா."

"அப்பம் ஓட்டுகவனுக்கு?"

"அவங்களுக்குச் சம்பளம் உண்டு."

"நம்ம ஊருல சைக்கிள் சுத்துனவனுக்கு நாமதான் நோட்டு குத்தணும்," என்றார்.

நம்மிடமும் இந்த வரலாறு இருக்கிறது, எழுதப்படவில்லை என்பதுதான் வித்தியாசம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை சர்வசாதாரணமாக நடந்த வேடிக்கை அது. ஊர் மைதானத்தின் நடுவில் ஒரு கம்பம், அதில் டியூப் லைட், குழாய் ஸ்பீக்கர். ஒருவர் கால் தரையில் படாமல் மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று வட்டமடித்துக்கொண்டே இருப்பார். சாப்பாடு சைக்கிளில், குளியல் சைக்கிளில். சாயங்காலம் ஆனால் வித்தைகள், மார்பில் டியூப் லைட் உடைப்பது, ரிக்கார்டு டான்ஸ். ஊர்க்காரர்கள் போய் அவர் சட்டையில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்திவிடுவார்கள். மைக்கில் பெயர் சொல்லப்படும். கடைசி நாள் ராத்திரி அவர் முகம் வீங்கியிருக்கும், அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம் வரும்.

வான்தூ மலையில் உச்சிக்குக் கிட்ட கூட்டம் அதிகமாக நிற்பதும் இதே காரணத்தால்தான். ஆனால் அந்த ஊக்கில் ஒரு நேர்மை இருக்கிறது என்று நினைக்கிறேன். உன் வலியைப் பார்த்தேன், அதற்கு இது என் பங்கு என்று கிட்டே போய், சட்டையைத் தொட்டு, கண்ணைப் பார்த்துக் கொடுப்பது. டூரில் பணத்தின் வழி வேறு. 1930இலிருந்து வீரர்களுக்கு முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் ஒன்று போகிறது. அது ரசிகர்களுக்கு மிட்டாயும் தொப்பியும் வீசிக்கொண்டே போகும். அங்கே பார்ப்பவனுக்குத்தான் கூலி!

நீலகிரியில் 2008இலிருந்து டூர் ஆஃப் நீல்கிரிஸ் நடக்கிறது. பெரும்பாலும் அமெச்சூர்கள் ஓட்டுவது. மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலைதான் அதன் பெயர்பெற்ற ஏற்றம், 36 கொண்டை ஊசி வளைவுகள். பிரெஞ்சு ஆல்ப்ஸில் உலகப் புகழ்பெற்ற ஆல்ப் துவெஸ் ஏற்றத்துக்கே 21 வளைவுகள்தான். அங்கே ஒவ்வொரு வளைவிலும் ஜெயித்தவர் பெயர்ப்பலகை உண்டு. கல்லட்டியில் இருப்பது வளைவின் எண்ணும், பிரேக்கைப் பார்த்துப் பிடி என்ற எச்சரிக்கையும்.

7

நெய்யூர்க்காரன் மலையைப் பற்றி எழுதிவிட்டு ஒரு பெயரைச் சொல்லாமல் போக முடியாது. தக்கலைப் பக்கம் தெரியும் வேளிமலையைத் தவிர எங்கள் ஊருக்கும் மலைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எவரெஸ்டில் ஏறிய ஒருவர் இங்கே பல ஆண்டுகள் அறுவைசிகிச்சை செய்துகொண்டிருந்தார். தியடோர் ஹோவர்ட் சாமர்வெல். ஊரில் பெரியவர்கள் இன்றும் சாமர்வெல் டாக்டர் என்பார்கள்.

1922 எவரெஸ்ட் பயணத்தில் அவரும் ஜார்ஜ் மாலரியும் எட்வர்ட் நார்ட்டனும் ஆக்ஸிஜன் இல்லாமல் 8,200 மீட்டரைத் தாண்டினார்கள். அதோடு திரும்பியிருக்கலாம். புதுப்பனி விழுந்திருந்த நிலையில் ஜூன் 7 அன்று இன்னொரு முயற்சி செய்தார்கள். வடக்குக் கணவாய்ச் சரிவில் பனி சரிந்து, சுமை தூக்கி வந்தவர்களில் ஏழு பேரைக் கொண்டுபோயிற்று. பிரிட்டிஷார் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. இதுதான் சாமர்வெல்லை வதைத்தது. தங்களில் ஒருவராவது அந்த முடிவைப் பகிர்ந்திருக்கக் கூடாதா என்று அவர் பிறகு எழுதினார்.

1924இல் ஆல்ப்ஸ் அடிவாரத்து ஷமோனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் அந்த 1922 பயணத்துக்கு மலையேற்றப் பதக்கம் கொடுத்தார்கள். இறந்த ஏழு பேரின் பெயர்களும் பதக்கப் பட்டியலில் உண்டு. வலிக்கு உலகம் தெரிந்துவைத்திருக்கிற மரியாதை அது, கல்வெட்டைப் போல, பெயர்ப்பலகையைப் போல.

சாமர்வெல் வேறொன்று செய்தார். அந்தப் பயணம் முடிந்ததும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, அன்றைய திருவிதாங்கூரின் தென்கோடியில் லண்டன் மிஷன் நடத்திய நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வாசலில் நோயாளிகளின் வரிசை. சுற்று வட்டாரத்துக் கிளை ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் அறுவை மருத்துவர். சுற்றிப்பார்க்க வந்தவர் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட முடிவெடுத்தார். 1924இல் இன்னொரு தடவை எவரெஸ்டுக்குப் போனார். ஜூன் 4 அன்று ஆக்ஸிஜன் இல்லாமல் ஏறிவிட்டு இறங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்றது. பனியில் உட்கார்ந்து, நெஞ்சைக் கையால் அமுக்கி, அடைத்ததை இருமித் துப்பி உயிர்பிழைத்தார். அதற்கு முன் நார்ட்டன் மட்டும் தனியாக 8,570 மீட்டர் வரை போய்த் திரும்பியிருந்தார். அதன்பிறகு சாமர்வெல்லுக்கு நெய்யூர்தான் வாழ்க்கை. பிற்பாடு வேலூர் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். 1975இல் இறந்தார். மெர்க்ஸ் குத்துப்பட்ட அதே வருடம்.

அவரை மகான் ஆக்குவது என் நோக்கமில்லை. மிஷன் மருத்துவத்துக்கு அதன் காலத்துக்குரிய கணக்குகளும் உள்நோக்கங்களும் உண்டு, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எனக்கு முக்கியமானது அந்த வாசல்தான். மலையில் அவரே வலியைத் தேடிப் போனவர். நெய்யூர் வாசலில் அவர் வெறும் பார்வையாளர். அந்த வரிசையில் நின்றவர்கள் யாரும் வலியை விரும்பி ஏற்றவர்கள் இல்லை. அவர்களிடம் போய் இன்னும் போ, இன்னும் போ என்று கத்த முடியாது. துருத்தி ஊதத்தான் முடியும்.

8

2016இல் வான்தூ மலையில் காற்று பயங்கரமாக வீசியதால் முடிவுக்கோட்டை ஆறு கிலோமீட்டர் கீழே இறக்கினார்கள். மேலே நிற்க வேண்டிய கூட்டமும் கீழே வந்து நெருக்கியது. வழியில்லாமல் மோட்டார்பைக் நிற்க, அதன்மேல் மூன்று வீரர்கள் மோதினார்கள். மஞ்சள் சட்டையோடு கிறிஸ் ஃப்ரூம் சைக்கிளை விட்டுவிட்டு ஷூவோடு மேல்நோக்கி ஓடினார். 2018இல் ஆல்ப் துவெஸ்ஸில் வின்சென்சோ நிபாலி விழுந்து முதுகெலும்பு முறிந்து வீட்டுக்குப் போனார். ஒவ்வொரு முறையும் மலைமுழுக்கத் தடுப்பு போட வேண்டும் என்று பேச்சு எழுகிறது, அடங்குகிறது.

போட வேண்டாம் என்பதே என் கட்சி. அந்த ஒரு முழம் ஆபத்தானதுதான். ஆனால் வேறெந்த விளையாட்டிலும் ரசிகனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கப்படுவதில்லை: உன் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவன் வலியோடு போகிறான், கையை என்ன செய்யப் போகிறாய்? பெரும்பாலானவர்கள் கையைத் தட்டுகிறார்கள். தலைவர்கள் கடந்து அரைமணி நேரம் கழித்து, நேரக் கெடுவுக்குள் போய்ச்சேர்ந்தால் போதும் என்று கும்பலாக வருகிற கடைசி ஆட்களுக்கும் நின்று தட்டுகிறார்கள். அதற்காகவே மலைமேல் வெயிலில் காத்திருக்கிறவர்கள் உண்டு. இந்த விளையாட்டை நான் கைவிடாமல் இருப்பதற்கு அவர்களும் ஒரு காரணம்.

சாமர்வெல் பற்றி இன்னொரு தகவல். 1924இல் மாலரி கடைசியாக உச்சியை நோக்கிப் போனபோது சாமர்வெல் தன் சிறிய கோடக் கேமராவை அவரிடம் கொடுத்தனுப்பினார். 1999இல் மாலரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை. உச்சியைத் தொட்டார்களா என்பதை அந்த ஃபிலிம் சொல்லிவிடும் என்று உலகெங்கும் மலை ரசிகர்கள் இன்னமும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கேமராவின் சொந்தக்காரர் அதைத் தேடிப் போகவில்லை. அவருக்கு நெய்யூரில் வேலை இருந்தது.